வீக்கம் வடிந்த மூன்றாம் நாள்

பால் சங்கத்தில் என் வேலையில் பாதி மூக்கால் செய்வது. கேன் மூடியைத் திறந்ததும் குனிந்து ஒரு முறை முகர்ந்து பார்க்க வேண்டும். புளித்த பாலா, முந்தின நாள் பாலைக் கலந்திருக்கிறார்களா என்பதை மற்ற எதற்கும் முன்னால் மூக்கு சொல்லிவிடும். கொழுப்பு பார்க்க மெஷின் வந்த பிறகும் இந்த வேலை மாறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் சாலையில் உள்ள ஒரு ஊரில் பதினான்கு வருடமாக இதைச் செய்து வந்தேன். ஒரு நாள் எனக்கு வாசனை தெரியாமல் போனது. கொரோனா காய்ச்சல் வந்த பலருக்கும் அப்படிப் போனதே, எனக்குத் திரும்ப வர நாளாகிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் காலையில் எழும்போதே தலைவலி இருந்தது. நடமாடினால் குறையும். சில நாள் வாந்தி எடுத்ததும் விட்டுப்போகும். எனக்கு நாற்பத்தேழு வயது. தீட்டு நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கண்ணாடியை மாற்றினேன். வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். இதுவரை சொன்னது யாருக்கும் நடக்கக்கூடியது. இதற்கு அடுத்து நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஏனென்றால் அது நோய் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு எதிலும் அக்கறை இல்லாமல் போனது. மனக்கவலையால் முடங்கிக் கிடப்பது வேறு. எனக்குக் கவலையே இல்லை. மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன், உறுத்தவில்லை. அடுப்பில் குழம்பு தீய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சங்கத்தில் ஒருவர் கொண்டுவந்த கெட்டுப்போன பாலை நல்ல பாலோடு ஊற்றிவிட்டேன். குளிரூட்டும் நிலையத்திலிருந்து கேன் திரும்பி வந்தது. செயலாளர் எல்லோருக்கும் முன்னால் கத்தினார். நான் அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சிறுநீர் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பெண் பதறி எழுந்தாள். நான் இறங்கி ஈரச் சேலையோடு தேரடி வழியாக வீட்டுக்கு நடந்தேன். வெட்கமே வரவில்லை.

என் வீட்டுக்காரர் கணேசன், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார்.

"ஏட்டி மகேசு, உனக்கு என்னதான் வந்துச்சு? திமிரா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஒண்ணுமில்லையே" என்றேன். எனக்கு உண்மையில் அப்படித்தான் தோன்றியது.

வைகாசியில் எங்கள் ஒரே மகள் காவ்யாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தோம். மாப்பிள்ளை வத்திராயிருப்புப் பையன். வீடு நிறைய ஆட்கள். பெண்ணின் தலையில் முதல் பூவை அத்தை வைப்பது எங்கள் வழக்கம். காவ்யாவுக்கு அத்தை என்றால் கணேசனின் அக்கா, என் மதினி குருவம்மாள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார். அவரும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். பிள்ளை இல்லை.

மதினி புதுச்சேலை கட்டி, தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு காவ்யா அருகில் போனார். நான் அடுப்படி வாசலில் நின்றபடி, நல்ல சத்தமாக, "மதினி, நீங்க வைக்காண்டாம். பிள்ள பெத்தவுக யாராவது வைக்கட்டும்" என்றேன்.

வீடு அப்படியே நின்றுவிட்டது. மதினி பூவைத் தட்டில் திரும்ப வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கணேசன் பின்னால் ஓடினார். காவ்யா மணையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டேன்.

இதெல்லாம் மற்றவர்கள் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டது இல்லை. எனக்கே நினைவிருக்கிறது. பாயசத்தில் முந்திரி கருகியிருந்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் கணேசன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். மதினி வீட்டுப் பக்கம் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. எனக்கு அதுவும் ஒரு பொருட்டாக இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை சங்கத்தில் பால் அளந்துகொண்டிருந்தபோது விழுந்துவிட்டேன். வலிப்பு. கை கால் வெட்டி இழுத்ததையும் நாக்கைக் கடித்து ரத்தம் வந்ததையும் பால் ஊற்ற வந்தவர்கள் சொன்னார்கள். கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன். ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் வண்டி நின்று நின்று போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் வலிப்பை நிறுத்த ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, "கண் நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். உடனே ஸ்கேன் பாக்கணும்" என்றார். அன்று மத்தியானமே ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஸ்கேன் குழாய்க்குள் தலையை நுழைத்துப் படுக்க வைத்தார்கள். உள்ளே ஆணி அடிக்கிற மாதிரி சத்தம். பாதியில் கையில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். கட்டி இருந்தால் அந்த மருந்தை உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியுமாம். எனக்குப் பயமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணேசனும் காவ்யாவும்தான் பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாலையில் நரம்பியல் மருத்துவர் வந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர்களுக்குக் காட்டினார். மூளையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறையில் வளரும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். எனக்கு அது மூக்குத்தண்டுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருந்தது. வாசனை நரம்பு போகும் பாதையிலேயே உட்கார்ந்திருந்தது.

"புற்றா சார்?" என்று கணேசன் கேட்டார்.

"இந்த வகை பெரும்பாலும் புற்று இல்ல. எடுத்துப் பரிசோதிச்சாதான் உறுதியாச் சொல்லலாம். பல வருஷமா மெதுவா வளந்திருக்கு." பிறகு கட்டியைச் சுற்றி இருந்த பெரிய நிழலைக் காட்டினார். "கட்டி எலுமிச்சம்பழம் அளவுதான். இதப் பாருங்க, சுத்தி மூளை நீர் கோத்து வீங்கியிருக்கு. கால்ல முள்ளு தச்சா முள்ளு சின்னதுதான், சுத்தி சதை எம்புட்டு வீங்குது? அது மாதிரி. வலிப்பு, தலைவலி, நீங்க சொன்ன அந்தக் குணம் மாறினது, எல்லாத்துக்கும் இந்த வீக்கம்தான் முக்கியக் காரணம்."

"குணமா?" என்றார் கணேசன்.

"நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைதான் அக்கறை, கூச்சம், அடக்கம் எல்லாத்தையும் பாத்துக்குது. அங்க அழுத்தம் வந்தா மனுசங்க மாறிப்போவாங்க. வீட்டுல திமிருன்னு நினைப்பாங்க."

கணேசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுததை இருபத்துமூன்று வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போது சாப்பாடு வரும் என்று கேட்டேனாம்.

வீக்கம் வடிய ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார்கள். வலிப்பு வராமலிருக்கத் தனி மாத்திரை. இந்த ஊசி கட்டியைக் கரைக்காது, சுற்றியுள்ள வீக்கத்தை மட்டும் குறைக்கும், ஆபரேஷனுக்கு மூளையைத் தயார் செய்யும் என்று நர்ஸ் காவ்யாவிடம் சொன்னாள். சர்க்கரை ஏறும், பசி எடுக்கும், தூக்கம் கெடும் என்றும் சொன்னாள். மூன்றும் நடந்தது.

இரண்டாம் நாள் காலை மதினி வந்தார். தளவாய்புரத்திலிருந்து பஸ் ஏறி, கையில் கஞ்சித் தூக்கோடு. கணேசன் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மதினி கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். நான் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டேன். உப்பு குறைச்சல் என்றேன். ஊசி குத்திக் குத்திப் புண்ணாகியிருந்த கையில் ஒத்தடம் கொடுத்தார். முடியை அவிழ்த்துச் சிக்கெடுத்தார். நடந்தது எதையும் அவர் பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது தலை லேசாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு தலைவலி இல்லாமல் எழுந்தேன். சன்னலுக்கு வெளியே மில்லுக்குப் போகும் பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். காவ்யா கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை இளைத்துவிட்டாளே என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் ஏதோ பிடித்தது. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மதினி தூக்கோடு உள்ளே வந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிச்சயத்தன்று பூவைத் தட்டில் திரும்ப வைத்தபோது அந்த முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணால் முன்பே பார்த்ததுதான். நான்கு மாதம் கழித்து அது உள்ளே இறங்கியது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அலறினேன். வலிப்பு என்று நினைத்து நர்ஸ் ஓடிவந்தாள். வீக்கம் வடிந்த இடத்தில் வெட்கம் வந்து நின்றது. பஸ்ஸில் நனைந்த சேலை, திரிந்த பால், கேட்டு வாங்கிய பாயசம், எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது.

"அழாதட்டி, தலைக்கு ஆகாது" என்று மதினி போர்வையை விலக்கினார். "வீக்கம்தான் பேசுச்சுன்னு டாக்டரு சொல்லுதாரு. நீயா பேசுன?"

கணேசனும் அதையே சொன்னார். காவ்யாவும் சொன்னாள். பார்க்க வந்த சங்கத்துச் செயலாளர்கூட, "எல்லாம் வியாதி பண்ணுன வேல தாயி, மனசுல வச்சுக்காதிய" என்றார். எல்லோரும் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். நான் அதில் நுழைந்து போய்விட்டிருக்கலாம்.

மறுநாள் டாக்டர் வந்தபோது யாரும் பக்கத்தில் இல்லை. "சார், அந்த வார்த்தைய நான் சொன்னேனா, வீக்கம் சொல்லுச்சா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியலம்மா. வீக்கம் அடக்கத்தக் கெடுக்கும். சொல்லக்கூடாதத சொல்ல வைக்கும். அது முன்னாடியே மனசுல இருந்துச்சா இல்லையான்னு ஸ்கேன்ல தெரியாது" என்றார்.

ஸ்கேனில் தெரியாது. எனக்குத் தெரியும்.

காவ்யா பிறந்த பத்தாவது நாள் எனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பிழைப்பேன் என்று யாரும் நம்பவில்லை. பிள்ளையை மதினிதான் தளவாய்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். எனக்கு உடம்பு தேறவும் அப்போது பார்த்த வேலைக்குத் திரும்பவும், அங்கேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் காவ்யா என்னிடம் வரமாட்டாள். ஒரு நாள் மதினியைப் பார்த்து அவள் "அம்மா" என்றாள். முதல் வார்த்தை அதுதான். மதினி பதறிப்போய், "நான் அத்தைடா, அந்தா இருக்கு அம்மா" என்று என்னைக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கினேன். மனசுக்குள், பெறாதவளுக்கு எதற்கு இது என்று ஒரு வார்த்தை ஓடியது. வெளியே வரவில்லை. அன்றே துணிகளை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அரசுக் காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வரும் வரை ராஜபாளையத்திலேயே காத்திருந்தோம். கணேசன் கடையைப் பூட்டிவிட்டு அதற்காகவே அலைந்தார். அனுமதி வந்த அன்று மாலை அவர் வண்டி பேசப் போயிருந்தார், காவ்யா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். மதினி என் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, அது வீக்கம் சொல்லல" என்றேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"காவ்யா உங்கள அம்மான்னு கூப்பிட்டாள்லா, அன்னைலருந்து எனக்குள்ள கெடந்துச்சு. வீக்கம் வந்து வாயத் தொறந்துவிட்டுருச்சு, அம்புட்டுத்தான். நான் ஆபரேசன் மேசையில செத்துப்போனாலும் போவேன். வியாதி மேல பழிய போட்டுட்டுப் போகக்கூடாதுல்லா."

மதினி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ பிள்ளைய வாங்குன விதத்துலயே தெரியும். சிரிச்சுக்கிட்டேதான் வாங்குன. பால் பாட்டில மட்டும் எடுக்காம விட்டுட்டுப் போன. நான் பால் குடுத்த பாட்டிலு வேண்டாம்னு." அவர் குரல் உயரவில்லை. "இருவது வருசமா எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுக்கிட்டேதான் வந்துக்கிட்டு இருந்தேன். ஆனா சபையில வச்சுக் கேட்டது வேற. அத என்னால இன்னும் செரிக்க முடியல."

நான் அவர் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டார். திருப்பிப் பிடிக்கவில்லை. காவ்யா மாத்திரையோடு வந்ததும் எழுந்து தூக்கைக் கழுவப் போனார்.

மறுநாள் வண்டியில் மதினியும் ஏறிக்கொண்டார். நான் கூப்பிடவில்லை.

மதுரையில் அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். கட்டி கண் நரம்புக்கு அருகில் இருக்கிறது, பார்வை போகலாம், ரத்தம் அதிகம் போகலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு. வாசனை திரும்பாது, அதை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள் என்றார். கணேசன் கையெழுத்துப் போட்டார். ஒரு நர்ஸ் என் தலையை மழித்தாள். கீழே விழுந்த முடியை மதினி குனிந்து பொறுக்கி ஒரு காகிதத்தில் சுற்றினார்.

ஆபரேஷன் காலை முதல் மாலை வரை நடந்தது. அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். எத்தனை விரல் என்று கேட்டார்கள். மூன்று என்றேன். பார்வை தப்பியது. ஆனால் இரண்டாம் நாள் மறுபடி வீக்கம் ஏறியது. கட்டியை எடுத்த பிறகும் கத்தி பட்ட மூளை சில நாள் வீங்கும், எதிர்பார்த்ததுதான் என்று வெளியே சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஊசியைக் கூட்டினார்கள். என்னைப் பார்க்க ஒரு நேரத்துக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், மதினியைத் தவிர. அவர் என் காதுக்கருகில் குனிந்து ஊர்க்கதை சொன்னார். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, நைட்டிக்குத் துணி என்ன விலை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டு ஆடு எங்கே குட்டி போட்டது. ஐந்தாம் நாள் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "எத்தன குட்டி?" என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றார். அப்போதுதான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. கண் நரம்பில் ஒட்டிய சிறு துண்டை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அட்டவணைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. கணேசனும் காவ்யாவும் என்னைத் தாங்கி இறக்கினார்கள். மதினி தன் பையை எடுத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

"உள்ள வாக்கா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார் கணேசன்.

"இல்லடா. அவிய தனியா இருக்காக, போறேன்" என்று தன் வீட்டுக்காரரைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்தேன், வரணும்னு தோணுச்சு. இந்த வாசப்படி ஏற இன்னும் மனசு வரல மகேசு. பொய்யா ஏறக்கூடாதுல்லா."

"வேண்டாம் மதினி. வரும்போது வாங்க" என்றேன். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார்.

நடக்கத் தெம்பு வந்ததிலிருந்து வியாழக்கிழமைதோறும் நான் தளவாய்புரம் போகிறேன். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று காவ்யாவோ கணேசனோ கூட வருவார்கள். மதினியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிசிறு நூலை வெட்டிக் கொடுப்பேன். முதல் சில வாரம் அவர் அதிகம் பேசவில்லை. காப்பி மட்டும் வரும். எனக்கு அதில் வாசனை தெரியாது, சூடு தெரியும். சங்கத்தில் இப்போது எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. முகர்ந்து பார்க்க வேறொரு பெண் வந்துவிட்டாள்.

இதை எழுதுவது ஒரு காரணத்துக்காக. உங்கள் வீட்டில் ஒருவர் காலைத் தலைவலியோடு, வாசனை தெரியாமல், திடீரென்று குணம் மாறிப்போனால் திட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கணேசன் திமிரா என்று கேட்டதை இன்னும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். அவர் மேல் தப்பில்லை.

போன தையில் மூன்றாம் மாத ஸ்கேன் எடுத்தோம். அந்த வியாழக்கிழமை ரிப்போர்ட்டோடு தளவாய்புரம் போனேன். மதினி மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீக்கம்?"

"இல்லையாம். நல்லா வடிஞ்சிருச்சாம்."

"விட்டு வச்ச துண்டு?"

"அப்படியே இருக்காம். வளரலயாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

அவர் ரிப்போர்ட்டை வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷ் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்து என் மடியில் வைத்தார்.

"பாப்போம்" என்றார்.

நீ பாத்துக்கோ என்று சொல்லவில்லை. மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் அடுத்த நைட்டியை எடுத்து நூல் வெட்டினேன்.